ஒரே சர்வரில் பல செயலிகள்: மாறி மோதலும் அதைத் தவிர்த்த வழிகளும்

1993இல் என்சிஎஸ்ஏ சர்வருடன் வந்த சிஜிஐ முறையில், ஒரு செயலியின் மாறி மற்றொன்றில் கலக்கும் சிக்கலுக்கு இடமே இல்லை. கோரிக்கை வந்ததும் ஒரு பிராசஸ் பிறக்கும். பதில் தந்ததும் மடியும். அதன் மாறிகளும் கூடவே அழியும். ஒரு தளத்தின் மதிப்பு இன்னொரு தளத்தின் நினைவகத்தில் தங்க வழியில்லை. இந்தப் பாதுகாப்புக்கு வேகத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

1996இல் மாட்_பெர்ல் அந்த விலையைக் குறைத்தது. அது பெர்லை அப்பாச்சிக்குள்ளேயே நிரந்தரமாகத் தங்கவைத்தது. அங்கேதான் மோதலும் தொடங்கியது. அதன் ரெஜிஸ்ட்ரி தொகுதி, ஒவ்வொரு நிரலின் முகவரியிலிருந்தும் தனிப் பெயர்வெளி ஒன்றை உண்டாக்கி மாறிகளைப் பிரித்தது. ஆனால் அந்த நிரல்கள் அழைத்த தொகுதிகளுக்கு இந்தக் காப்பு இல்லை. இரு தளங்கள் ஒரே பெயரில் அமைப்புத் தொகுதி வைத்திருந்தால் முதலில் ஏறியதே நிலைக்கும். இரண்டாம் தளம் முதல் தளத்தின் தரவுத்தள விவரத்தோடு ஓடும். எந்தத் தளம் முதலில் ஏறியது என்பது அப்பாச்சியின் ஒவ்வொரு பிராசஸிலும் மாறும். ஆகவே பிழை ஒருமுறை தோன்றும், மறுமுறை மறையும். கண்டுபிடிக்க இதைவிடக் கடினமான பிழை அரிது.

ஜாவா உலகம் இதை விதியாலேயே தீர்க்க முயன்றது. 1999இன் சர்வ்லெட் 2.2 விவரக்குறிப்பு, ஒவ்வொரு வலைச்செயலிக்கும் தனிச் சூழலை வகுத்தது. டாம்கேட் ஒவ்வொன்றுக்கும் தனி கிளாஸ்லோடரும் தருவதால், செயலிக்குள் இருக்கும் வகுப்புகளின் ஸ்டாட்டிக் மாறிகளும் பிரிந்தே இருக்கும். எஞ்சிய ஓட்டை சிஸ்டம் பிராப்பர்ட்டிகள். அவை ஜேவிஎம் முழுவதற்கும் பொது. ஸ்பிரிங்கின் ஒரு லிசனர், செயலியின் மூலக் கோப்புறையை 'வெப்ஆப்.ரூட்' என்ற பிராப்பர்ட்டியில் எழுதும். இரண்டாம் செயலியும் அதே பெயரில் வேறு மதிப்பை எழுத வந்தால், பிழை காட்டி நின்றுவிடும். இது நல்ல வடிவமைப்பு என்பேன்: தவறான மதிப்போடு ஓடுவதைவிட ஓடாமல் நிற்பது மேல்.

ஜாங்கோவில் இதற்கு நேர்மாறு. 1.4 பதிப்பிலிருந்து வரும் விஸ்கி கோப்பு, அமைப்புக் கோப்பின் பெயரைச் சூழல் மாறியில், அது ஏற்கெனவே இல்லாதபோது மட்டுமே எழுதுகிறது. மாட்_விஸ்கியில் இரு தளங்கள் ஒரே பிராசஸில் ஓடினால், முதலில் ஓடிய தளத்தின் அமைப்பே இரண்டுக்கும் ஆகும். அந்த வரியை நேரடி ஒதுக்கீடாக மாற்றலாம், அல்லது தளத்துக்கொரு டீமன் பிராசஸ் தரலாம் என்கிறது ஜாங்கோ ஆவணம். இரண்டாவதே உறுதியானது.

பிஎச்பியில் கோரிக்கை முடிந்ததும் மாறிகள் அழிந்துவிடும்; மோதல் வருவது செஷனில். ஒரே டொமைனின் இரு கோப்புறைகளில் உள்ள செயலிகள், இயல்பிருப்பில் ஒரே குக்கீப் பெயரையும், '/' என்ற ஒரே பாதையையும், ஒரே சேமிப்பிடத்தையும் பயன்படுத்துகின்றன. ஒன்றில் நுழைந்தவரின் பயனர் எண்ணை மற்றது தன் பயனராகவே படித்துவிடலாம். குக்கீயின் பாதையைச் சுருக்குவது தற்செயல் மோதலைத் தடுக்கும். ஆனால் பாதுகாப்புக்கு அதை நம்பக்கூடாது என்று 2011இன் ஆர்எஃப்சி 6265 தெளிவாகவே சொல்கிறது.

பெயர் வேறுபாடு தேவைதான். ஆனால் அது ஒப்பந்தம் மட்டுமே, ஒரு நிரலர் மறந்தாலும் முறிந்துவிடும். பிராசஸ் எல்லையை இயங்குதளமே காக்கிறது. 2010இல் பிஎச்பி 5.3.3 உடன் இணைந்த எஃப்பிஎம், தளத்துக்கொரு பிராசஸ் பூலையும் தனிப் பயனர் கணக்கையும் தருகிறது. பழைய சர்வர்களைப் பராமரிப்போர், செயலிக்கொரு பூல், தனிக் கணக்கு, தனி செஷன் கோப்புறை, தனி குக்கீப் பெயர் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.