இடைக்காலக் கட்டளையும் குழந்தையின் காலமும்

பெற்றோர் பிரிந்தால் குழந்தை எவரிடம் வளர வேண்டும்? மாத்தளை மாவட்டத்தில் இக்கேள்விக்கு ஒரே விடை என்றும் இருந்ததில்லை. 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானபோது, அங்குள்ள மக்களின் வழக்காறுகள் பேணப்படுமென உடன்படிக்கை கூறிற்று. கண்டியச் சட்டம் மௌனம் சாதித்த இடங்களில் கரையோர மாகாணங்களின் சட்டத்தை 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் புகுத்திற்று. முஸ்லிம்களுக்கு அவர்தம் சட்டம் இருந்தது; அது குழந்தையின் இளம்பருவத்தில் தாய்க்கே முதலிடம் தந்தது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக நடந்துவந்து கோப்பித் தோட்டங்களை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளருக்கோ யாழ்ப்பாணத்தின் தேசவழமை உரித்தாகவில்லை. நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டமே அவர்களை ஆண்டது.

அச்சட்டம் தந்தையின் பக்கம் சாய்ந்தது. குழந்தையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ கேடு உண்டெனக் காட்டினாலன்றித் தந்தையின் உரிமை மேலோங்கும் என்ற கோட்பாட்டை, இலங்கை உயர் நீதிமன்றம் 1956 இலும் வலியுறுத்திற்று. அதே ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட இந்து இளவர் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டுமென விதித்தது. இங்கிலாந்திலோ கரோலின் நோர்ட்டன் அம்மையாரின் போராட்டத்தின் பயனாக, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கோரும் வழி 1839 இலேயே தாய்மாருக்குத் திறந்துவிட்டது.

இங்கு ஒரு முரண்பாட்டை நாம் கவனிக்க வேண்டும். திருமணம் சட்டப்படி செல்லாததாயின், குழந்தையின் பொறுப்பு முழுவதும் தாயையே சாரும். செல்லுபடியானால் தந்தை முந்துவார். அவமானமெனச் சமூகம் கருதிய நிலையிலேதான் தாய்க்கு முழு உரிமை கிட்டிற்று!

இனி, வழக்கு முடியும்வரை குழந்தை எங்கே இருப்பது? மணமுறிவு வழக்குகளில் இடைக்காலக் கட்டளை வழங்கும் அதிகாரத்தை 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நீதிமன்றத்துக்கு அளித்தது. குழந்தையை ஒருவர் மறித்து வைத்திருந்தால், ஆட்கொணர்வு மனு மற்றொரு வழியாகும். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரையின்படி, மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தகைய மனுவை வசதியான முதனிலை நீதிமன்றத்தின் விசாரணைக்கு அனுப்பலாம். குழந்தையின் இடைக்காலப் பொறுப்புக்கும் அந்நீதிமன்றம் ஒழுங்கு செய்யலாம்.

ஏட்டளவில் இஃது நல்ல ஏற்பாடே. ஆயினும் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருப்பது கொழும்பில். கொழுந்து பறித்தோ இறப்பர் பால் எடுத்தோ நாட்கூலி பெறும் தாய்க்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாட்சம்பள இழப்பு. தவணைகள் தள்ளிப்போகையில் இரண்டு வயதுக் குழந்தை நான்கு வயதை எட்டிவிடும். அப்போது, பழகிய சூழலிலிருந்து அதனைப் பிரிப்பது தகாது என்னும் வாதம் எழும். அவ்வாதம் பொய்யன்று, குழந்தைக்குப் பழக்கமே உலகம். ஆனால் அப்பழக்கத்தை உண்டாக்கியது யார்? முதலில் குழந்தையைத் தூக்கிச் சென்றவரும், காத்திருக்கப் பணமுள்ளவருமே. இவ்வாறு இடைக்காலக் கட்டளை சந்தடியின்றி இறுதித் தீர்ப்பாகிவிடுகிறது.

குழந்தையின் நலனை முதன்மையாகக் கொள்ளும் போக்கு நீதிமன்றங்களில் படிப்படியாக வளர்ந்தது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுறுதி செய்தது. எனினும், கோட்பாடு மாறினால் மட்டும் போதாது. இடைக்காலக் கட்டளைக்கு முன்னரே குழந்தையின் நிலையை நேரிற் கண்டறிதல், மற்றப் பெற்றோர் குழந்தையைச் சந்திக்கும் நாட்களை அக்கட்டளையிலேயே குறித்தல், குறுகிய தவணைகள், ஏழைத் தாய்க்கு அவள் மொழியிற் பேசும் இலவசச் சட்டத்தரணி ஆகியன வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழு 1978 இலேயே அமைக்கப்பட்டது. அதன் கதவு தோட்டத்து லயன்வரை திறந்திருக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்கு ஈராண்டு ஒரு வழக்கின் காலம். குழந்தைக்கோ அது வாழ்நாளின் பாதி.