வீட்டில் சவரா, வகுப்பில் ஒடியா: பழங்குடிக் குழந்தைகளின் தாய்மொழிக் கல்வி எங்கே சிக்கியிருக்கிறது?

39 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். தமிழில் அது முப்பதும் ஒன்பதும். ஒடியாவில் 'அணசாளிஷ', அதாவது நாற்பதுக்கு ஒன்று குறைவு. தெற்கு ஒடிசாவின் கஜபதி, ராயகடா மாவட்டங்களில் பேசப்படும் சவரா மொழியிலோ 39 என்பது 20 + 12 + 7. அங்கே பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு, 13-ஐ 'பன்னிரண்டும் ஒன்றும்' என்பார்கள். 19-ஐ 'பன்னிரண்டும் ஏழும்' என்பார்கள்.

இப்படி எண்ணிப் பழகிய ஆறு வயதுக் குழந்தை, ஒடியா மட்டுமே தெரிந்த ஆசிரியர் முன்னால் போய் உட்காருகிறது. பதில் வரவில்லை என்றால், 'கணக்கு வீக்' என்று முடிவுகட்டிவிடுவார்கள். மொழி புரியவில்லை என்பது எந்த மார்க் ஷீட்டிலும் வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு. 1956-லேயே வந்தது இது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பயிற்றுமொழி 'இயன்றவரை' தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 2020-ம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையும் 'இயலும் இடங்களில்' குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை என்கிறது. அந்த 'இயன்றவரை'யில்தான் பல மாநிலங்கள் வசதியாக ஒதுங்கிக்கொள்கின்றன.

எத்தனை மொழிகள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121. எட்டாவது அட்டவணையில் இருப்பவை 22. பேசுவோர் எண்ணிக்கைக்கும் அட்டவணைக்கும் சம்பந்தமே இல்லை: 24,821 பேர் தாய்மொழியாகப் பதிந்த சமஸ்கிருதம் உள்ளே, ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் பிலி வெளியே. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா என்று சிதறிக் கிடப்பதால், பிலிக்காகப் பேச ஒரு மாநிலம்கூட இல்லை.

ஒடிசா என்ன செய்தது?

2007 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அது 21 மொழிகளுக்கு விரிந்தது. முதல் வகுப்பில் பாடம் தாய்மொழியில். அடுத்து ஒடியா பேச்சுவழியாக நுழையும். பிறகு எழுத்து, அப்புறம் ஆங்கிலம். ஒடியாவை ஒதுக்குவது நோக்கமே இல்லை, அதற்கு ஒரு படிக்கட்டு கட்டுவதுதான். பாடப் புத்தகங்களிலும் ஊர்ச் சந்தை, அறுவடை, காடு, அங்கே சொல்லப்படும் கதைகள் எல்லாம் வருகின்றன.

ஆனா இது ஏறத்தாழ 1,500 பள்ளிகளோடு நிற்கிறது. மொழி தெரிந்த ஆசிரியர் வேண்டும், அவரை அதே வட்டாரத்தில் வைத்திருக்கவும் வேண்டும். இன்னொரு சிக்கல், இந்த மாதிரி ஒரே மொழிக் குழந்தைகள் நிறைந்த வகுப்புக்கே பொருந்தும். சவரா, குயி, ஒடியா பேசும் பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் இருந்தால் எந்தப் புத்தகத்தைத் திறப்பது? அதற்கு இந்தத் திட்டத்தில் இன்னும் தெளிவான வழி இல்லை.