டர்பன் மலைச்சாலையில் கணக்கில் வராதவர்கள்

தென்னாப்பிரிக்காவில் கடலோர நகரமான டர்பனிலிருந்து உள்நாட்டு நகரமான பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் போகும் பழைய சாலை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளம். கடல் மட்டத்தில் கிளம்பி, உம்லாஸ் ரோடு என்ற இடத்தில் 800 மீட்டருக்கும் மேலே ஏறி, பிறகு இறங்கி ஊருக்குள் நுழைகிறது. இடையில் கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய மேடுகள். ஒரு பக்கம் உம்கேனி ஆறு அறுத்துப்போட்ட ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு, மடிப்பு மடிப்பாகப் பச்சையும் நீலமுமாகத் தெரியும். இந்தச் சாலையில்தான் காம்ரேட்ஸ் மாரத்தான் நடக்கிறது. வழக்கமான மாரத்தானைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான தூரம். பொதுவாக ஓராண்டு மேல்நோக்கி ஓடினால் மறு ஆண்டு கீழ்நோக்கி. வார இறுதிக்கு ஊர் பார்க்க வந்த மாதிரி வந்து, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஓடத் தொடங்குபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உலகின் பழமையான நெடுந்தூர ஓட்டங்களுள் ஒன்று என்ற பெருமை இதற்கு உண்டு. அந்தப் பெருமையில் பெரும்பங்கு, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதன் முடிவுப் பட்டியலில் பெயரே இடம்பெறாமல் ஓடியவர்களுக்குச் சேர வேண்டியது என்பதே என் வாதம்.

போட்டியைத் தொடங்கியவர் விக் கிளாபம். ரயில் எஞ்சின் ஓட்டுநர். முதல் உலகப் போரில் தென்னாப்பிரிக்கக் காலாட்படையில் சேர்ந்து, ஜெர்மானியரை எதிர்த்துக் கிழக்கு ஆப்பிரிக்காவில் 2,700 கிலோமீட்டர் நடந்தவர். கூட நடந்து மடிந்த வீரர்களின் நினைவாக, மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று சோதிக்கிற ஓட்டம் ஒன்று வேண்டும் என்று நினைத்தார். முன்னாள் படைவீரர் சங்கத்தை 1918-லேயே அணுகினார்; மறுத்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் மறுத்தார்கள். கடைசியில் 1921-ல், திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சோடு ஒரு பவுண்டு செலவுக்குக் கொடுத்து அனுமதித்தார்கள். அந்த ஆண்டு மே 24 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர மண்டபத்துக்கு வெளியே 34 பேர் ஓடத் தொடங்கினார்கள். 16 பேர் டர்பனை அடைந்தார்கள். முதலில் வந்த பில் ரோவன் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 59 நிமிடம். தார் காணாத மண் சாலை அது. அத்தனை பேரும் வெள்ளையர். அத்தனை பேரும் ஆண்கள்.

போர் நினைவு ஓட்டம் என்பதால் அப்படித்தானே இருக்கும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கிளாபம் நடந்த அந்தக் கிழக்கு ஆப்பிரிக்கப் போர், வெள்ளைப் படைவீரர்களால் மட்டும் நடந்ததல்ல. சாலையும் ரயிலும் இல்லாத காட்டில் தோட்டாவையும் மாவையும் தலையில் சுமந்தவர்கள் இலட்சக்கணக்கான ஆப்பிரிக்கச் சுமைகூலிகள். அவர்களில் நோயிலும் பட்டினியிலும் செத்தவர்களின் எண்ணிக்கை, குண்டுபட்டு இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு. கலப்பினத்தவரைக் கொண்ட கேப் கோர் படை அங்கே சண்டையிட்டது. தென்னாப்பிரிக்க இந்தியர்களின் தூக்குப்படுக்கைப் படையும் அங்கே காயம்பட்டவர்களைச் சுமந்தது. 1917-ல் ஆங்கிலக் கால்வாயில் மெண்டி கப்பல் மூழ்கியபோது அதிலிருந்த தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தொழிற்படையினர் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சேர்ந்து துன்பப்பட்டவர்களின் நினைவுக்காகத்தான் ஓட்டம் என்றால், தொடக்கக் கோட்டில் நின்றிருக்க வேண்டியவர்கள் பலர் அன்று சாலையோரத்தில்கூட இடம்பெறவில்லை.

பூட்டிய கதவை முதலில் தள்ளிப் பார்த்தவர் ஒரு பெண். 1923-ல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுக்கப்பட்டார். ஆனாலும் வந்து ஓடினார். 11 மணி 35 நிமிடத்தில், அன்றைய பன்னிரண்டு மணி நேர வரம்புக்குள், முழுத் தூரத்தையும் முடித்தார். பதக்கம் கிடைக்கவில்லை. வேடிக்கை பார்த்தவர்களும் சக ஓட்டக்காரர்களும் தங்களுக்குள் பணம் திரட்டி, வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களும் ஒரு ரோஜாக் கிண்ணமும் வாங்கிக் கொடுத்தார்கள். 1935-ல் ராபர்ட் ம்ட்ஷாலி ஓடினார். இந்தப் போட்டியை ஓடி முடித்ததாகப் பதிவுள்ள முதல் கறுப்பினத்தவர் அவர். எடுத்த நேரம் 9 மணி 30 நிமிடம். அவருக்கும் தனியே ஒரு பரிசு கொடுத்துக் கௌரவித்தார்கள். பட்டியலில் பெயர் மட்டும் இல்லை. இந்த இரண்டு சம்பவங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடியவரை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. கூட்டம் கைதட்டியது, கடிகாரம் நேரத்தைக் குறித்தது. இவர்கள் ஓடியதை ஊரே பார்த்த பிறகும், ஓடியதாக ஒப்புக்கொள்ளாதது ஒரு காகிதம் மட்டுமே. விளையாட்டரங்கம் என்றால் வாசலிலேயே ஆளை நிறுத்திவிடலாம், உள்ளே தனித்தனிக் கூண்டுகள் கட்டிவிடலாம். 90 கிலோமீட்டர் பொதுச்சாலைக்கு வேலி போட முடியாது. நிறவெறி அரசு இறுகிய காலத்திலும் இந்தப் போட்டியில் விரிசல் இருந்துகொண்டே இருந்ததற்கு அமைப்பாளர்களின் தாராள மனத்தைவிடச் சாலையின் இந்தத் தன்மையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்துச் சட்டம் அப்படி, அமைப்பாளர்கள் என்ன செய்வார்கள் என்ற சமாதானம் அடிக்கடி சொல்லப்படுவது. இது நிற்காது. நிறவெறியைச் சட்டமாக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது 1948-ல். காம்ரேட்ஸின் விதி அதற்கு 27 ஆண்டுகள் மூத்தது. கறுப்பினத்தவர் நாட்டின் சாலையில் வெள்ளையரோடு ஓடக் கூடாது என்று 1921-ல் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெண்கள் ஓடக் கூடாது என்று எந்தக் காலத்திலும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பழக்கம் விதியானது, விதி பின்னால் வந்த சட்டத்தின் நிழலில் வசதியாக ஒதுங்கிக்கொண்டது. பழியை முழுக்க அரசின் தலையில் போட்டால், சங்கங்களும் குழுக்களும் தாமாகவே விரும்பிச் செய்த விலக்கல் பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்பது அடுத்த ஆட்சேபம். இதற்குப் பதில் சொல்ல இரண்டாவது போட்டிக்குப் போனால் போதும். 1922-ல் வென்றவர் ஆர்தர் நியூட்டன். மொத்தம் ஐந்து முறை வென்றவர். நேட்டால் மாகாணத்தில் ஹார்டிங் ஊர்ப் பக்கம் பண்ணை வைத்திருந்த வெள்ளையர். சுற்றியுள்ள நிலங்களை ஆப்பிரிக்கர்களுக்கென்று ஒதுக்கிய அரசின் கொள்கையால் தன் பண்ணை நொடித்துவிட்டது, நஷ்ட ஈடு தரவில்லை என்பது அவருடைய மனக்குறை. பெயர் பெற்றால் தன் வழக்கை நாடு கேட்கும் என்று கணக்குப் போட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் ஓடப் பழகினார். அவர் உட்கார்ந்து இளைப்பாறியதாகச் சொல்லப்படும் குழி டிரம்மண்ட் அருகே சாலைக்கரையில் இருக்கிறது. இன்றும் ஓடுபவர்கள் நின்று அதில் ஒரு பூவை வைத்து, ஆர்தருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அழகான வழக்கம்தான். ஆனால் இந்தச் சாலையை முதன்முதலில் அரசியல் மேடையாக்கியவர் அந்தக் குழிக்காரர் என்பது மறக்கக் கூடாதது. வெள்ளையர் ஆட்சி குடியரசாக அறிவிக்கப்பட்ட மே 31-ஆம் தேதி, 1962-லிருந்து போட்டி நாளாகவே ஆகிவிட்டது. அந்தக் குடியரசின் இருபதாம் ஆண்டு விழாவின் பகுதியாக 1981 போட்டி அறிவிக்கப்பட்டபோது, புரூஸ் ஃபோர்டைஸ் என்ற இளைஞரும் இன்னும் சிலரும் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஃபோர்டைஸ் மீது தக்காளி வீசினார்கள், கூச்சலிட்டார்கள். அவர் வென்றார், ஒன்பது வெற்றிகளில் அது முதலாவது. குடியரசு நாள் கொண்டாட்டத்தை அரசியல் என்று சொல்லாதவர்களுக்கு, ஒரு துணிப்பட்டி மட்டும் அரசியலாகத் தெரிந்தது.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஐம்பதாவது போட்டியான 1975-ல்தான் பெண்களுக்கும் எல்லா இனத்தவருக்கும் கதவு திறந்தது. அது ஹேவர்ட், ம்ட்ஷாலி போன்றோர் ஓடியதால் அல்ல. ஒலிம்பிக்கிலிருந்து 1964-லேயே ஒதுக்கப்பட்டு 1970-ல் வெளியேற்றப்பட்ட நாடு, உலகத்தின் முன் நல்ல பெயர் வாங்கச் செய்த ஏற்பாடு என்பார்கள். இதில் பெரும்பகுதி உண்மை. வெளியிலிருந்து வந்த நெருக்கடி இல்லாமல் அந்த அரசு அசைந்திருக்காது. ஆனால் நெருக்கடி எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக வந்தது. எல்லா விளையாட்டும் ஒரே வேகத்தில் திறக்கவில்லை. ரக்பியும் கிரிக்கெட்டும் கலந்து ஆடுவதற்கு எத்தனை தயக்கம், எத்தனை சாக்கு! காம்ரேட்ஸில் எண் அட்டை இல்லாமல் பெண்கள் 1930-களிலேயே தொடர்ந்து ஓடினார்கள். 1960-களில் மறுபடி ஓடினார்கள். கறுப்பின ஓட்டக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் பக்கத்தில் ஓடுவதைச் சாலையோர மக்கள் கண்டு பழகியிருந்தார்கள். கதவு திறந்த 1975-ல் லெசோத்தோவைச் சேர்ந்த வின்சென்ட் ரகபாயிலே இருபதாவதாக வந்து பதக்கம் பெற்றார். எலிசபெத் கவானா முறைப்படி ஓடி முடித்த முதல் பெண்ணானார். அனுமதி மேலிருந்து வந்தது என்பதை மறுக்கவில்லை. அதைப் பயன்படுத்தத் தயாரான கால்களும் ஏற்கத் தயாரான கண்களும் அதற்கு முன்பே அந்தச் சாலையில் உருவாகியிருந்தன.

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சாலை அந்நியமல்ல. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது டர்பனில்தான். கரும்புத் தோட்டங்களிலும் ரயில்பாதையிலும் உழைத்தவர்களில் தமிழர் மிகப் பலர். அவர்கள் வழிவந்தோர் இன்றும் இந்த இரு நகரங்களிலும் கோயில் கட்டித் தீமிதித்துக் காவடி எடுத்து வாழ்கிறார்கள். 1893-ல் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில். டர்பனை விட்டு ஓட்டக்காரர்கள் மேடேறும் பக்கத்தில் இருக்கும் கேட்டோ மேனரில், இந்தியர்கள் தோட்டம் போட்டுக் குடியிருந்த மண்ணை, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ன் குழுப்பகுதிச் சட்டம் பறித்தது. இந்தியர்களுக்கும் காம்ரேட்ஸின் கதவு 1975 வரை மூடித்தான் இருந்தது.

கறுப்பினத்தவர் ஒருவர் முதலிடம் பிடிக்க 1989 வரை ஆனது. அவர் சாம் ஷபலாலா. நிறவெறி ஆட்சி முடிந்து குடியரசு நாள் விடுமுறை ஒழிந்ததும், போட்டி 1995-ல் சோவெட்டோ மாணவர் எழுச்சியை நினைவுகூரும் ஜூன் 16-க்கு மாறியது. அந்த நாளின் துக்கத்தை ஓட்டம் மறைக்கிறது என்ற எதிர்ப்பு வந்ததால் 2007-ல் அந்தத் தேதியையும் விட்டுக்கொடுத்தது. இன்று தொடக்கக் கோட்டில் சுரங்கத் தொழிலாளர்களின் ஷோஷலோசா பாட்டு ஒலிக்கிறது. பிறகு சேவல் கூவும் சத்தம். 1948-ல் மேக்ஸ் டிரிம்போர்ன் என்ற ஓட்டக்காரர் பதற்றம் தணியக் கூவியதிலிருந்து வந்த வழக்கம். மாலையில் பன்னிரண்டு மணி நேரம் முடியும் கணத்தில் ஒருவர் ஓட்டக்காரர்களுக்கு முதுகு காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுகிறார். யார் இரண்டடி தள்ளி நிற்கிறார் என்று அவர் பார்க்கக் கூடாது என்பதற்காக.

ஏழரையிலிருந்து ஒன்பது மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு 2000 முதல் பில் ரோவன் பதக்கம் தரப்படுகிறது. ஒன்பதிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு 2019 முதல் தரப்படுவது ராபர்ட் ம்ட்ஷாலி பதக்கம். 84 ஆண்டுகள் தாமதமானாலும் சரியான முடிவு. ஃபிரான்சஸ் ஹேவர்டின் பெயரிலும் ஒரு பதக்கம் வர வேண்டும். அவருடைய 11 மணி 35 நிமிடம் இன்றைய வரம்புக்குள்ளும் அடங்குகிற நேரம்தான்.