லேப்டாப் ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்கிறதா? லாமிங்டன் ரோடுக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

லேப்டாப் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது. ஃபோல்டரைத் திறந்தால் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. நேற்று வரை திறந்த ஃபைல் இன்று 'கரப்ட்' என்கிறது. "பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். இவை ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கியதற்கான அறிகுறிகளாக இருக்கலாம்.

புது டிஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்கும். உள்ளே இருக்கும் க்ளையன்ட் வேலை, சான்றிதழ் ஸ்கேன், ஊரில் எடுத்த குடும்பப் படங்கள் கிடைக்காது. அதனால் முதலில் டேட்டா, அப்புறம்தான் ரிப்பேர்.

ஹார்ட் டிஸ்க் ஏன் பழுதாகிறது?

பெரும்பாலான லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்கின்றன. அவற்றுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் 'ஹெட்' மிதந்தபடி டேட்டாவைப் படிக்கிறது. நம் தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் ஹெட் தட்டில் உரசலாம். உரசிய இடத்தில் காந்தப் பூச்சோடு டேட்டாவும் போய்விடும்.

எஸ்எஸ்டி-யில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அதனால் சத்தமும் வராது. திடீரென்று டிரைவே காணாமல் போகலாம், அல்லது படிக்க மட்டும் விட்டு எழுத விடாமல் நின்றுவிடலாம்.

சத்தம் வந்தால் என்ன செய்வது?

திரும்பத் திரும்ப 'டிக் டிக்', அல்லது உரசுவது போன்ற 'கிர்ர்' சத்தம் கேட்டால் உடனே பவரை ஆஃப் செய்யுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போமே" வேண்டாம். ஹெட் பழுதாகியிருந்தால் ஒவ்வொரு சுழற்சியும் தட்டை இன்னும் கீறும். டேட்டா முக்கியம் என்றால் இதற்கு மேல் வீட்டு வைத்தியம் கிடையாது. நேராக டேட்டா ரெக்கவரி நிபுணரிடம்தான் போக வேண்டும்.

சத்தம் இல்லை, ஸ்லோ மட்டும்தான் என்றால்?

உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. இந்த வரிசையில் போங்கள்.

1. மிக முக்கியமான ஃபைல்களை முதலில் எக்ஸ்டர்னல் டிரைவிலோ க்ளவுடிலோ காப்பி செய்யுங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில்.

2. பிறகு 'ஸ்மார்ட்' ரிப்போர்ட்டைப் பாருங்கள். டிஸ்க் தானே எழுதி வைக்கும் உடல்நலக் குறிப்பு இது. விண்டோஸில் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். அதில் 05, சி5, சி6 என்ற வரிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சி7 மட்டும் கூடினால் கோளாறு கேபிளில் இருக்கலாம். ஆனால் நீலம் காட்டுவதாலேயே பயமில்லை என்று நினைக்க வேண்டாம். முன்னறிவிப்பு இல்லாமலும் டிஸ்க் போவதுண்டு.

3. காப்பி பாதியில் நின்றுபோனால் டிஸ்க்கை முழுசாக 'க்ளோன்' எடுப்பது நல்லது. லினக்ஸில் 'டிடி ரெஸ்க்யூ' இதற்கென்றே இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளிடம் பிறகு திரும்பி வரும். க்ளோன் போகும் டிஸ்க் அதே அளவோ பெரியதோ இருக்க வேண்டும்.

செய்யவே கூடாதவை என்ன?

காப்பி எடுக்கும் முன் 'செக் டிஸ்க்' ஓட்டாதீர்கள். அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்யப் பார்க்குமே தவிர உங்கள் டேட்டாவைக் காப்பாற்றப் பார்க்காது. பலவீனமான டிஸ்க்குக்கு அந்த வேலைப்பளுவே ஆபத்து. டிஸ்க்கை ஃப்ரீசரில் வைப்பது, தட்டுவது, மூடியைத் திறப்பது எதுவும் வேண்டாம். மழையில் நனைந்த லேப்டாப்பை ஆன் செய்யாதீர்கள். அரிசி டப்பாவில் புதைப்பதாலும் பயனில்லை.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

மும்பையில் கம்ப்யூட்டர் பொருள் என்றாலே கிராண்ட் ரோடு கிழக்கில் இருக்கும் லாமிங்டன் ரோடுதான். மாட்டுங்கா ரோட்டிலோ, தாராவிக்குப் பக்கத்து மாஹிமிலோ ஸ்லோ லோக்கல் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். செம்பூர்க்காரர்கள் குர்லாவிலும் தாதரிலும் மாற வேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியம்: "ஃபார்மட் மத் கர்னா, பெஹ்லே டேட்டா நிகாலோ." பிறகு மூன்று கேள்விகள். டிஸ்க்கைத் திறக்க வேண்டியிருந்தால் தூசியில்லாத க்ளீன் ரூமில் திறப்பீர்களா? டேட்டா கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்டணம்? பழைய டிஸ்க் திரும்பக் கையில் வருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாரண்டி இருந்தால் புது டிஸ்க் கிடைக்கும். ஆனால் வழக்கமான வாரண்டியில் டேட்டாவுக்குப் பொறுப்பு கிடையாது.

லேப்டாப்பில் 'பிட்லாக்கர்' ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ தேவைப்படும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று இன்றே பார்த்து வையுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் கடைக்கே எடுத்துப் போகாதீர்கள், ஐடி டீமிடம் கொடுங்கள். உள்ளே இருப்பது உங்கள் டேட்டா மட்டுமல்ல.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

காயலான் கடைக்கு அப்படியே போடாதீர்கள். தாராவி 13-வது காம்பவுண்ட் போன்ற மறுசுழற்சிப் பகுதிகளுக்கு நகரம் தூக்கிப் போட்டதெல்லாம் பல கை மாறித்தான் வந்து சேர்கிறது. உங்கள் டிஸ்க்கும் அப்படிக் கை மாறலாம், ஆதார் காப்பியோடும் சம்பளச் சீட்டோடும். ஓடும் ஹார்ட் டிஸ்க் என்றால் முழுசாக மேலெழுதி அழியுங்கள். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளர் தரும் 'செக்யூர் இரேஸ்' வசதியைப் பயன்படுத்துங்கள். ஓடாத டிஸ்க்கை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மின்கழிவு நிறுவனத்திடம் கொடுத்து, அழித்ததற்குச் சான்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, மின்கழிவை மறுசுழற்சி செய்வோர் அந்த வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

அடுத்த முறை தப்பிக்க என்ன வழி?

'3-2-1' விதி. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. மூன்றாவது நிபந்தனை ஏன் என்பது மும்பைக்காரர்களுக்குப் புரியும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. லேப்டாப்பும் பேக்கப் டிரைவும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஒரு பிரதி க்ளவுடில் இருக்கட்டும், அல்லது ஊரில் அம்மா அப்பா வீட்டு பீரோவில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.