மலையகத் தமிழர் குடிபெயர்வு

இலங்கையின் நடுமலைத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழிவந்தோர் மலையகத் தமிழர். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது சென்றவர்கள் பருவகாலக் கூலிகள். வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களைத் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கிளப்பின. தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் பலர்.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது; அந்த நிலத்தில் தேயிலை ஏறியது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் ஆள் வந்தால் போதும், தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே பெண்டு பிள்ளைகளோடு குடும்பங்களே லயன் எனும் வரிசை அறைகளில் குடியேறின. ஆள் சேர்க்கும் கங்காணி தந்த முன்பணம் தொழிலாளியின் முதல் கடனாயிற்று. அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து அம்மை குத்திய பிறகே ஆட்களைக் கப்பலேற்றினர்.

1946 கணக்கெடுப்பில் இவர்கள் 7.8 லட்சம் பேர். நாட்டு மக்களில் 11.7 விழுக்காடு. இந்த விகிதத்தைச் சரித்தது சட்டம். 1948 குடியுரிமைச் சட்டம் இவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது, எஞ்சிய 1.5 லட்சம் பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்ட மக்களிடம் ஒருவரும் கலந்துபேசவில்லை என்பது இவ்வரலாற்றின் பெருங்கொடுமை. ஒரே லயனில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று குடும்பங்கள் உடைந்தன. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற ரயிலை மலையகத்தார் 'அழுகைக் கோச்சி' என்றனர். 1984இல் கப்பல் நிற்கும்வரை பல லட்சம் பேர் தமிழகம் வந்தனர். ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அங்கே அவர்கள் 'சிலோன்காரர்' ஆனார்கள்.

இலங்கையில் 1971இல் 11.7 லட்சமாக இருந்த மலையகத் தமிழர் தொகை 1981இல் 8.2 லட்சமாகக் குறைந்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. 2012 கணக்கெடுப்பு 8.4 லட்சம் பேரை இந்தியத் தமிழர் என்று பதிவுசெய்தது. தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்ட மலையகத்தாரும் இருப்பதால் உண்மைத் தொகை இதைவிடக் கூடுதல்.