டுவோராக் முறை

வெப்பமண்டலச் சமுத்திரங்களில் உருவாகும் புயலின் வலிமையை, அதன் மேகங்கள் செயற்கைக்கோள் படத்தில் கொள்ளும் வடிவத்தையும் உஷ்ணநிலையையும் ஆதாரமாகக் கொண்டு அனுமானிக்கும் முறை. வகுத்தவர் அமெரிக்க வானிலை அறிஞர் வெர்னன் டுவோராக்.

1960 ஏப்ரலில் டைரோஸ்-1 என்ற வானிலைச் செயற்கைக்கோள் ஏவப்பட்டபின், மேகத்திரையின் பரப்பைக் காற்றின் வேகத்தோடு பொருத்தும் முயற்சிகள் சில நடைபெற்றன.

டுவோராக்கின் முறை 1973இல் அமெரிக்க அரசின் தொழில்நுட்பக் குறிப்பாகவும், 1975இல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவும் வெளிவந்தது. புயலுக்கு 1 முதல் 8 வரை அரை அரையாக ஏறும் ‘டி எண்’ ஒன்றை இது வழங்குகிறது; 2.5 என்பது ஏறத்தாழ 35 நாட் (மணிக்கு 35 கடல்மைல்) காற்று வேகத்தையும், 4 என்பது 65 நாட்டையும், 8 என்பது 170 நாட்டையும் குறிக்கும். மையத்தைச் சுற்றி வளையும் மேகப்பட்டையின்மீது மடக்கைச் சுருள் வரைந்த ஒளிபுகும் தாளை வைத்து, பட்டை வட்டத்தில் எத்தனை பத்திலொரு பங்கு சுற்றியிருக்கிறதென்று ஆய்வாளர் பொறுமையோடு அளப்பார். நாளொன்றுக்கு ஓர் எண் வளர்வதே இயல்பென்று கொண்டு, அவசர முடிவுகளுக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. மேகம் கலைந்த மாத்திரத்தில் காற்று அடங்கிவிடுவதில்லையாதலால், தளரும் புயலுக்கு டி எண்ணைவிட உயர்ந்த ‘நடப்பு வலிமை எண்’ சிலகாலம் நிலைநிறுத்தப்படுவது இம்முறையின் நுட்பங்களுள் விசேஷமானது. 1984இல் வெளியான திருத்தம் அகச்சிவப்புப் படங்களுக்கு முதன்மை தந்து, இரவிலும் மதிப்பிட வழிசெய்தது: புயலின் மையமாகிய கண்ணைச் சூழ்ந்த மேகவளையம் எவ்வளவு குளிர்ந்தும், கண் எவ்வளவு வெப்பமாகவும் இருக்கின்றனவோ, புயல் அவ்வளவு வலியது எனப்படும்.

மேற்குப் பசிபிக்கில் புயலுக்குள் விமானம் செலுத்தி அளக்கும் வழக்கம் 1987இல் நின்றபின், இம்முறையே அங்குப் பிரதான ஆதாரமாயிற்று. ஆயினும், பழைய மதிப்பீடுகளைப் புதியவற்றோடு ஒப்பிடலாமா என்பதில் அறிஞரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. வலுமிக்க புயல்கள் பெருகிவருகின்றன என்று 2005இல் எழுந்த கருத்துக்கு, படங்களின் தரமும் ஆய்வுமுறையும் காலப்போக்கில் மாறியதே ஒருபகுதிக் காரணமாகலாம் என்று மறுப்போர் கூறினர். காற்றின் சராசரியை ஒரு நிமிடத்துக்குக் கணிப்பதா, மூன்று அல்லது பத்து நிமிடங்களுக்குக் கணிப்பதா என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

இந்திய வானிலைத் துறை தன் புயல் அறிக்கைகளில் டி எண்ணைக் குறிப்பிடுகிறது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலுக்கு அது 7 என்ற எண்ணை, அதாவது 140 நாட் வேகத்தை, வழங்கியது.

1990களின் பிற்பகுதியிலிருந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் இம்முறையைக் கணிப்பொறி வழியே இயங்கச் செய்துள்ளனர். மேகத்தை ஊடுருவும் நுண்ணலை அளவீடுகளும் பின்னர் துணைசேர்ந்தன.