கண்ணுக்குத் தெரியாத ஸ்ரீபெரும்புதூர்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றாலே கார் கம்பெனிகளும் கண்டெய்னர் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் புதைபடிவ ஆய்வாளர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்பது ஒரு பாறை அடுக்கின் பெயர்.

1879-ல் ஓட்டோகார் ஃபைஸ்ட்மான்டெல் இந்தப் பாறைகளில் பதிந்திருந்த இலைகளைப் படங்களுடன் விவரித்தார். அவை ஜுராசிக் காலத்தவை என்பது அன்றைய கருத்து. ஆனால் இலைத்தடத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்வது கடினம். ஒரே மாதிரி இலைகள் பல கோடி ஆண்டுகள் நீடித்தவை.

1970களில் காஞ்சிபுரம் அருகே கட்டவாக்கத்தில் துளையிட்டு எடுத்த கரிய களிப்பாறையை ராமானுஜமும் ஸ்ரீசைலமும் ஆராய்ந்தார்கள். தேடியது இலையை அல்ல, மகரந்தத்தை. இத்தகைய பாறையை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் போட்டால் கல் கரைந்துவிடும், மகரந்தத்தின் ஓடு கரையாது. தலைமுடியின் தடிமன் அளவே உள்ள அதை நுண்ணோக்கியில் பல நூறு மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்தால் முள், வரி, துளை எல்லாம் தெரியும். எந்தெந்த வகைகள் சேர்ந்து கிடைக்கின்றன என்பது காலத்துக்குக் காலம் மாறும். அதனால் பிற இடங்களின் படங்களோடு ஒப்பிட்டு வயதைச் சொல்லலாம்.

இந்தப் பாறைகளில் கிடைத்த அம்மோனைட்டுகள் முன்பே காட்டியதும், மகரந்தம் காட்டியதும் ஒன்றுதான்: தொடக்கக் கிரெட்டேசியஸ், அதாவது 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்.

இன்று அதே பகுதியில் அஸ்திவாரம் தோண்டாத நாளில்லை. எந்த ஆழத்தில் எடுத்தது என்று குறிக்காமல் லாரியில் ஏற்றிக் கொட்டிய களிப்பாறையில் மகரந்தம் இருந்தாலும், அது பாதிக் கதையைத்தான் சொல்லும்.